மூன்று சாட்சிக்கும் ஒரே மழை

இவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. மறந்துபோனதால் அல்ல, பயத்தால். பெயர் போட்டு எழுதினால் ஒவ்வொரு வரிக்கும் நீ பொறுப்பு என்று அவரே எனக்கு ஒரு சட்டம் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அந்தச் சட்டம் பிறந்த கதை பின்னால் வரும். இப்போதைக்கு, எங்கள் கிறிஸ்தவ சபையில் எல்லாரும் அழைத்ததுபோல ஸ்டோரக்கா என்றே வைத்துக்கொள்வோம்.

கடையில் வேலை பார்த்தவர் என்று நினைத்துவிட வேண்டாம். பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்துத் தோட்டங்களில் இன்னும் ரப்பர் மரங்கள் நின்றிருந்த காலத்தில், மரத்தைச் சீவும் வெட்டுக்காரர்கள் கொண்டுவரும் ரப்பர் பாலை நிறுத்து வாங்கும் இடத்துக்குப் பால் ஸ்டோர் என்று பெயர். அங்கே இவருக்குப் பத்தொன்பது வயதில் வேலை கிடைத்தது. ஒவ்வொருவர் வாளியிலிருந்தும் கொஞ்சம் பாலை எடுத்து, அதில் ஓர் அளவுக் குழாயை மிதக்கவிட்டு, அது எவ்வளவு முங்குகிறது என்று பார்த்து, இதில் பால் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று சொல்ல வேண்டும். எடை கூடட்டும் என்று வாளியில் தண்ணீர் கலக்காத தோட்டம் எங்கேயாவது இருந்ததா என்று எனக்குத் தெரியாது.

"பாலு வெள்ளையாத்தான் இருக்கும் தம்பி. தண்ணி ஊத்துனாலும் வெள்ளதான். கண்ணால பாத்தா ஒன்னும் தெரியாது. குழாயப் போடணும்" என்பார்.

தன் சொந்த அப்பாவின் வாளியிலேயே குழாயைப் போட்டு, "இதுல தண்ணி இருக்கு" என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோர் முன்னால் சொன்னவர் இவர் என்று சபையில் ஒரு பேச்சு உண்டு. அதன்பிறகு அப்பா மூன்று நாள் இவரோடு பேசவில்லையாம். உண்மையா என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"மூணு நாள்னு யாரு சொன்னா?" என்றார் முகத்தைச் சுளித்துக்கொண்டு. "ரெண்டரை நாள். மூணாவது நாள் மத்தியானம் உப்பு எங்கன்னு கேட்டாரு."

ரப்பரை அழித்து எண்ணெய்க்கான செம்பனை மரம் போட்டார்கள். ஸ்டோர் போய்விட்டது, குழாயும் போய்விட்டது. இவர் கல்யாணமாகி, கணவரை இழந்து, கோலசிலாங்கூர் பட்டணத்தில் ஒரு தரைவீட்டில் வந்து குடியேறியபோது பழக்கத்தை மட்டும் கூடவே கொண்டுவந்துவிட்டார். ஜெராமுக்குப் போய்ப் படகிலிருந்து இறங்கும் மீனைத்தான் வாங்குவார், அதையும் செவுளைத் தூக்கிப் பார்த்து, மீனவனின் முகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான். வெளியூரிலிருந்து வந்த உறவுக்காரர்களோடு கம்போங் குவாந்தானுக்குப் படகில் மின்மினி பார்க்கப் போனபோது, எல்லாப் பூச்சியும் ஒரே நேரத்தில் மின்னும் என்று பெருமையாகச் சொன்ன படகுக்காரரிடம், "அந்த ஓரத்து மரத்துல ஒன்னு லேட்டா மின்னுதே" என்றாராம். அவர் துடுப்பை நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் அந்த ஓரத்து மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார் என்பது கேள்வி.

யார் எதைச் சொன்னாலும் அவரிடமிருந்து வருவது ஒரே கேள்விதான்: "அப்ப யாரு கூட இருந்தா?"

இனி என்னைப் பற்றி. பெருமைப்பட ஒன்றுமில்லை, ஆனால் இந்தக் கதையில் குற்றவாளி வேண்டுமே. பழைய பட்டணத்தில் எனக்கு ஒரு போட்டோஸ்டாட் கடை இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, நினைவஞ்சலி, ஞாயிறு ஆராதனைக்கான புல்லட்டின் தாள் எல்லாம் அங்கேதான் அச்சாகும். மிச்ச நேரத்தில் சிறுகதை எழுதுகிறேன். வருடத்தில் இரண்டு மூன்று, ஞாயிறு பத்திரிகைகளில் வரும். வந்த அன்று என் மனைவி அந்தத் தாளை ஆவலாகப் பிரிப்பாள். என் கதைக்குப் பின்பக்கத்தில் மரண அறிவித்தல்கள் இருக்கும். யார் போய்விட்டார்கள் என்று பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவாள்.

எங்கள் சபையில் ஆராதனைக்கு நடுவே சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. விருப்பமுள்ளவர் எழுந்து, ஆண்டவர் தமக்குச் செய்ததைச் சொல்லலாம். பத்து வருடமாக நான் கவனித்த ஒரு விஷயம்: மற்றவர்கள் கண்ணை மூடி "ஆமென்" சொல்லும் அந்த நேரத்தில், மூன்றாவது வரிசை ஓரத்தில் ஸ்டோரக்கா கண்ணைத் திறந்து எழுதிக்கொண்டிருப்பார். எழுதுவது நான் அச்சடித்த புல்லட்டினின் பின்பக்கத்தில். மையை மிச்சம் பிடிக்க அந்தப் பக்கத்தை நான் காலியாக விட்டிருந்தேன்.

என்ன எழுதுகிறார் என்பது சபைக்குப் பெரிய மர்மம். பாஸ்டருக்கு ஒற்று வேலை பார்க்கிறார் என்றார்கள் சிலர். பாஸ்டரைப் பற்றியே மேலிடத்துக்கு எழுதுகிறார் என்றார்கள் வேறு சிலர். இதைச் சொன்னவர்களில் பாஸ்டரும் ஒருவர். எனக்கு மட்டும் வேறு சந்தேகம் இருந்தது. இந்த அம்மாள் கதை எழுதுகிறார். இவ்வளவு சாட்சிகளையும் சேர்த்து ரகசியமாக ஒரு நாவல் எழுதுகிறார். ஒருநாள் அது வெளிவரும், பரிசு வாங்கும், அந்த விழாவின் அழைப்பிதழை நான் அச்சடித்துக் கொடுக்க வேண்டிவரும். இந்த நினைப்பில் எனக்குச் சில ஞாயிறுகள் பிரசங்கமே காதில் விழுந்ததில்லை.

அவரும் என்னைச் சந்தேகப்பட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒருமுறை கடைக்கு வந்து, என் கதை வந்த பத்திரிகையை மேசையில் போட்டார்.

"இதுல வர்ற தோட்டத்து ஆபீஸ் கிராணி யாரு?"

"யாருமில்லக்கா. கற்பனை."

"நடக்காததையா இவ்வளவு தூரம் எழுதியிருக்க?"

"ஆமாக்கா."

"பொய்யா?"

"பொய் இல்லக்கா, கதை."

அவர் அந்தப் பக்கத்தைத் திருப்பி, மரண அறிவித்தல்களைக் காட்டினார். "இதுல இருக்கறவங்கலாம் செத்தது நிஜம்தானே?"

"நிஜம்தான்."

"ஒரே தாள்லதான் போடுறாங்களா ரெண்டையும்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். சுகாதாரக் கேடு ஏதோ நடந்துவிட்டதைப் போல இருந்தது அவர் குரல்.

ஒரேயடியாகக் கல் மனுஷி என்றும் சொல்ல முடியாது. ஒரு வேதபாட வகுப்பில், நான்கு சுவிசேஷங்களும் ஏன் ஒன்றுக்கொன்று அங்கங்கே ஒத்துப்போகவில்லை என்று கல்லூரிப் பெண் ஒருத்தி கேட்டாள். பாஸ்டர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் பதில் இல்லை என்று அர்த்தம். ஸ்டோரக்காதான் பேசினார்.

"ஒத்துப்போகாததுனாலதான்மா நான் நம்புறேன். நாலும் அச்சுல வார்த்த மாதிரி ஒன்னா இருந்தா, எவனோ ஒருத்தன் உக்காந்து எழுதி நாலு பேருகிட்ட குடுத்துட்டான்னு அர்த்தம். நாலு பேரு பாத்தா நாலு மாதிரிதான் சொல்லுவாங்க. ஆனா நாலுலயும் தப்பாம வர்றது ஒன்னு இருக்கு பாரு, அது நடந்தது."

அந்தப் பெண் குறித்துக்கொண்டாள். பாஸ்டரும் குறித்துக்கொண்டார். நான் குறித்துக்கொள்ளவில்லை. குறித்திருக்க வேண்டும்.

எங்கள் சபையின் ஆண்டுவிழா வந்தது. சாட்சிக் கூட்டத்தில் மூன்று பேர் பேசுவதென்று முடிவாகியது. எங்கள் ஆட்களுக்கு மைக்கைக் கையில் கொடுத்தால் திரும்பி வாங்குவது சிரமம். அதனால் பாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, "நீங்க எழுத்தாளர்லா. மூணு பேரு சாட்சியையும் ஆளுக்கு அஞ்சு நிமிஷமா சுருக்கி எழுதிக் குடுத்துடுங்க, அவங்க பாத்துப் படிச்சிடட்டும்" என்றார். என்னை எழுத்தாளர் என்று ஒருவர் அழைத்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. நரகத்துக்குப் போகச் சொல்லியிருந்தாலும் போயிருப்பேன். கிட்டத்தட்ட அங்கேதான் போனேன்.

மூவரில் ஒருவர் லோரி ஓட்டி ஓய்வுபெற்ற அண்ணன். அவருக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி. காலில் புண் வந்து, காலையே எடுக்க வேண்டியிருக்குமோ என்று பயந்து, பிறகு ஆறியது. இந்தச் சாட்சியை அவர் சபையில் ஏற்கெனவே நான்கு முறை சொல்லியிருக்கிறார். நான்கு முறையும் பாதி சபை தூங்கியிருக்கிறது. ஏனென்றால் அவர் சொல்லும் முறை அப்படி. கிளினிக்குக்குப் போனேன், கட்டுப் போட்டார்கள், மாத்திரை கொடுத்தார்கள், மறுநாளும் போனேன், கட்டுப் பிரித்தார்கள், வேறு மாத்திரை கொடுத்தார்கள், ஜெபித்தேன், மறுநாளும் போனேன். இப்படியே நான்கு மாதம்.

எழுதிப் பார்த்தேன். கதை எழுந்து நிற்கவே மாட்டேன் என்றது. நல்ல கதைக்கு ஒரு முகடு வேண்டும். மாத்திரை வரும் இடமெல்லாம் கதை உட்கார்ந்துவிடுகிறது. யோசித்தேன். ஒரு மாத்திரையை எடுத்தேன். கதை கொஞ்சம் நிமிர்ந்தது. இன்னொன்றை எடுத்தேன். கடைசியில் எல்லா மாத்திரையையும் எடுத்துவிட்டுக் கிளினிக்கையும் இடித்துத் தள்ளினேன். இப்போது புண் இருந்தது, கண்ணீர் இருந்தது, ஜெபம் இருந்தது. முடிவில் இப்படி எழுதினேன்:

'காலையில் கட்டைப் பிரித்தேன். புண் இருந்த இடத்தில் புதுத் தோல் இருந்தது. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.'

எழுதிவிட்டு நானே கொஞ்சம் அழுதேன். மனைவி எட்டிப் பார்த்து, "யாரு செத்தது?" என்று கேட்டாள்.

கூட்டத்தில் லோரிக்கார அண்ணன் அதைப் படித்தபோது ஒருவர்கூடத் தூங்கவில்லை. கடைசி வரியில் அவர் குரல் உடைந்தது. பின்வரிசையில் யாரோ கைத்தொலைபேசியில் பதிவு செய்தார்கள். அன்று மாலைக்குள் அது சுங்கை சோ, ரவாங், ஜெராம் என்று போய்க்கொண்டிருந்தது. யாரும் என் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் அந்த மழையைப் பற்றிப் பேசினார்கள். நான் மிகவும் அடக்கமாக இட்லியைத் தின்றுகொண்டிருந்தேன்.

மறுநாள் காலை கடையைத் திறந்ததும் ஸ்டோரக்கா வந்து நின்றார்.

"நேத்து மூணு பேரும் பேசுனதை எழுதுனது நீதானே?"

"யாரு சொன்னா?"

"ஒருத்தரும் சொல்லல. லோரிக்காரரு புண்ணு ஆறுனப்ப மழை. அந்தக் குடிகாரரு குடிய விட்டப்ப மழை. அந்தம்மா மகளுக்கு யூனிவர்சிட்டி லெட்டரு வந்தப்ப மழை. மூணு பேருக்கும் ஆண்டவரு மழை பெய்யறப்பதான் வர்றாரா? வெயில்ல வர மாட்டாரா?"

நான் அச்சு இயந்திரத்தில் காகிதம் சிக்கியதுபோல் குனிந்துகொண்டேன். சிக்கவில்லை.

"மழைய விடு," என்றார். "லோரிக்காரரு சாட்சில மாத்திரை எங்க?"

"அக்கா, அஞ்சு நிமிஷத்துக்குள்ள..."

"நாலு தடவ சொன்னாரு. நாலு தடவையும் மாத்திரை இருந்துச்சு. இப்ப எங்க போச்சு?"

எனக்கும் ரோஷம் வந்தது. இலக்கியத்தைக் காப்பாற்ற வேண்டிய நேரம் இது என்று நினைத்தேன். "ஆண்டவரே கதை சொல்லித்தான்கா போதிச்சாரு. விதைக்கிறவன் கதை, காணாமப்போன ஆட்டுக் கதை. அந்த விதைக்கிறவன் யாரு? எந்த ஊரு? அப்ப யாரு கூட இருந்தா? நீங்க கேப்பீங்களா?"

அவர் கோபப்படவில்லை. யோசித்தார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"கேக்க மாட்டேன்," என்றார். "ஏன்னா அவரு பேரு சொல்லல. ஒரு மனுஷன்னாரு, ஒரு அப்பான்னாரு. பேரு சொல்லலன்னா அது உவமை. அவருக்கு எப்படி வேணுமோ அப்படிச் சொல்லலாம், நானும் எனக்கு வேணுங்கறத எடுத்துக்கலாம். பேரு சொல்லிட்டா அது சாட்சி. ஒரு சொட்டு தண்ணி ஊத்தக் கூடாது. ஒரு சொட்டு பாலையும் எடுக்கக் கூடாது. லோரிக்காரருக்குப் பேரு இருக்கு, ஐசி நம்பரு இருக்கு, கிளினிக்ல கார்டு இருக்கு. அவரு உன் உவமை இல்ல."

போகும்போது வாசலில் நின்று, தனக்குத்தானே பேசுவதுபோலச் சொன்னார்: "உவமையில ஒன்னே ஒன்னுல மட்டும், பணக்காரன் வாசல்ல கெடந்த பிச்சக்காரனுக்குப் பேரு சொல்லியிருக்காரு. அது அவருக்குத் தெரிஞ்ச ஆளாத்தான் இருக்கணும்."

நான் சிரித்தேன். மனைவியிடம் சொல்லி அவளையும் சிரிக்கவைத்தேன். கிழவிக்குச் சந்தேகப் பேய் என்றேன். நல்ல கதையின் எதிரி என்றேன். இரண்டு மாதம் இப்படியே போயிற்று.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவர் கடைக்குள் நுழைந்து, குடையை மடக்கிக் கதவோரம் சாய்த்தார். இன்னொரு கையில் ஒரு பிளாஸ்டிக் பை.

"கடையச் சாத்து. வண்டிய எடு."

"எங்கக்கா?"

"ஜெராம். உன் தங்கச்சி கால்ல புண்ணு. நேத்து மீன் வாங்கப் போனப்ப பாத்தேன். நாலு வாரமா மாத்திரை போடலயாம்."

என் தங்கைக்கு ஏழெட்டு வருடமாக இனிப்பு நீர். ஜெராமில் மீன் சந்தைக்குப் பக்கத்தில் வீடு. என்னைவிட ஐந்து வயது இளையவள். வழியில் நான் மூன்று முறை ஏதோ கேட்டேன். ஸ்டோரக்கா ரோட்டைப் பார்த்து ஓட்டு என்று மட்டும் சொன்னார்.

தங்கை முன்கூடத்தில் நாற்காலியில் இருந்தாள். இடது காலை ஒரு முக்காலியில் தூக்கி வைத்து, வெள்ளைத் துணியால் சுற்றியிருந்தாள். துணியின் ஓரம் வெள்ளையாக இல்லை. அந்த வாசனையை நான் எழுத மாட்டேன். அவள் முகத்தில் மட்டும் வலியே இல்லை. என்னைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டாள்.

"வாண்ணே! நல்ல நேரத்துல வந்த. உங்க சபைல ஒருத்தரு சொன்ன சாட்சிண்ணே, உனக்கு வந்துச்சா? தெனமும் காலைல போட்டுக் கேப்பேன்."

தொலைபேசியை அழுத்தினாள். லோரிக்கார அண்ணனின் குரல் வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு, அவரோடு சேர்ந்து உதட்டை அசைத்தாள். 'காலையில் கட்டைப் பிரித்தேன். புண் இருந்த இடத்தில் புதுத் தோல் இருந்தது.' ஒரு வார்த்தை பிசகவில்லை. முப்பது வருடம் எழுதியதில் என் வரியை மனப்பாடம் செய்த முதல் வாசகி அவள்தான்.

"மாத்திரையப் பத்தி ஒரு வார்த்தை இல்ல பாத்தியாண்ணே. வெறும் ஜெபம்தான். அதான் நானும் விட்டுட்டேன். தெனமும் காலைல கட்டைப் பிரிச்சுப் பாக்கறேன். இன்னும் எனக்கு நேரம் வரல."

நான் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். "அது அவரு சொன்னது இல்லம்மா. நான் எழுதுனது."

அவள் சிரித்தாள். "போண்ணே."

"சத்தியமா. அவரு மாத்திரை சாப்பிட்டாரு. நாலு மாசம் கிளினிக்குக்குப் போனாரு. நான்தான் அதையெல்லாம் எடுத்துட்டேன்."

"என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகக் கதை கட்டுறியா? ரம்புத்தான் மரத்துல பேய் இருக்குன்னு சொல்லி எல்லாப் பழத்தையும் நீயே தின்னவன்தானே நீ. நீ சொல்றத நான் எப்பண்ணே நம்பியிருக்கேன்?"

நான் அழுதேன். அது அவள் சந்தேகத்தை இன்னும் கூட்டியது. ரம்புத்தான் காலத்திலும் நான் நன்றாக அழுவேன்.

ஸ்டோரக்கா பிளாஸ்டிக் பையைப் பிரித்து நான்கு தாள்களை எடுத்து என் தங்கையின் மடியில் வைத்தார். நான்கும் எங்கள் சபையின் புல்லட்டின். நான்கு ஞாயிறு, நான்கு வருடம். பின்பக்கத்தில் பென்சிலால் சின்னச் சின்ன எழுத்து.

"படி" என்றார்.

தங்கை படித்தாள். முதல் தாளில் புண் ஐம்பது காசு அகலம். இரண்டாவதில் உள்ளங்கை அகலம். மூன்றாவதில் கிளினிக்குக்கு மகன் கூட்டிப்போனான். நான்காவதில் தானே பஸ்ஸில் போனார். ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஸ்டோரக்காவின் சந்தேகங்கள்: 'போன தடவை மகன் என்றார்.' 'புண் வளர்கிறது.' ஆனால் நான்கிலும் ஒரு வரி: 'மாத்திரை விடாமல் சாப்பிட்டார்.'

"இது எப்ப எழுதுனதுக்கா?"

"அவரு பேசப் பேச."

தங்கை அவரையே பார்த்தாள். இந்தப் பக்கம் முழுக்க எல்லாருக்கும் ஸ்டோரக்காவைத் தெரியும். பேரப்பிள்ளை பிறந்தது என்று சொன்னால்கூட நேரில் வந்து பார்க்கும்வரை வாழ்த்துச் சொல்லாதவர் அவர். எதையும் நம்பாத ஒருவர் கையில் நான்கு தாளோடு ஜெராம்வரை வந்திருக்கிறார்.

தங்கையின் முகம் மாறியது. நான் எதிர்பார்த்த மாற்றம் இல்லை. ஏதோ ஒன்று அவளுக்குள்ளிருந்து இறங்கிப் போனது.

"அப்ப ஆண்டவரு அவருக்கு ஒன்னுமே செய்யலயாக்கா?"

பாஸ்டராக இருந்தால் கண்ணாடியைத் துடைத்திருப்பேன்.

ஸ்டோரக்கா அவள் காலுக்குப் பக்கத்தில் குனிந்து, துணியின் முடிச்சைச் சரிசெய்தார். "அந்த மனுஷன ஆராதனைக்கு நேரத்துக்கு வர வைக்க மூணு பாஸ்டரு முயற்சி பண்ணாங்கம்மா. முடியல. அவன் பொண்டாட்டியாலயும் முடியல. அப்பேர்ப்பட்ட சோம்பேறி, நாலு மாசம், ஒரு நாள் விடாம, நொண்டிக்கிட்டே கிளினிக்குக்குப் போயிருக்கான். நானே நேர்ல போய் அந்தக் கார்டப் பாத்தேன். அது யாரு செஞ்ச வேலைன்னு நெனைக்கற?"

பிறகு என் தங்கை இரண்டு கைகளையும் நீட்டினாள். "தூக்கு அண்ணே" என்றாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு விரலை எடுத்தார்கள். பாதத்தைக் காப்பாற்றிவிட்டார்கள்.

நடந்ததைக் கேட்ட பாஸ்டர், லோரிக்கார அண்ணனிடம் தனியாகச் சொல்லிவிடலாம், சபையில் சொன்னால் விசுவாசத்தில் பலவீனமானவர்கள் இடறிவிடுவார்கள் என்றார். எனக்கு அந்த யோசனை மிகவும் ஆவிக்குரியதாகத் தோன்றியது. ஸ்டோரக்காதான் கெடுத்தார்.

"மைக்குல கெடுத்தத காதுல திருத்த முடியாது பாஸ்டர்."

அடுத்த ஞாயிறு எழுந்து நின்றேன். மாத்திரையை எடுத்தது நான் என்றேன். என் தங்கையின் விரல் என்றேன். மூன்றே நிமிடம். யாரும் ஆமென் சொல்லவில்லை. லோரிக்கார அண்ணன் மட்டும் எழுந்து, "எனக்கே சந்தேகமாத்தான்யா இருந்துச்சு. பேப்பர்ல மாத்திரை இல்லயே, ஒருவேள நான் சாப்பிடலயோன்னு நெனச்சுக்கிட்டேன்" என்றார். பின்வரிசையில் அதையும் பதிவு செய்தார்கள். நானும் எல்லாருக்கும் அனுப்பச் சொல்லிக் கெஞ்சினேன். ஜெராமைத் தாண்டவில்லை.

மூன்றாவது வரிசை ஓரத்தில் பென்சில் ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். என்ன எழுதினார் என்று கேட்கத் தைரியம் வரவில்லை. வேறொன்றைத்தான் கேட்டேன். இத்தனை வருடத்தில் அவர் ஒருமுறைகூடச் சாட்சி சொன்னதில்லையே, ஏன்?

"இன்னும் சரிபாத்து முடிக்கல" என்றார்.

முடிக்காமலே போய்விட்டார். சுங்கை சோவில் மகள் வீட்டுக்குப் போய் ஒரு வருடம் இருந்தார், அங்கேயே காலமானார். அடக்க ஆராதனையில் நான்கு பேர் பேசினார்கள். எல்லாரும் ஆச்சரியப்படும்படி சுருக்கமாகப் பேசினார்கள். பெட்டி திறந்திருந்தது, அவர் கேட்டுக்கொண்டிருக்கவில்லை என்பதில் யாருக்கும் முழு நம்பிக்கை வரவில்லை என்று நினைக்கிறேன்.

போன மாதம் அவருடைய மகள் கடைக்கு வந்து ஒரு பிஸ்கட் டின்னைக் கொடுத்தார். "அம்மா உங்ககிட்ட குடுக்கச் சொன்னாங்க. ஆனா மொத்தம் எத்தனை தாள்னு எண்ணிட்டுக் குடுக்கச் சொன்னாங்க" என்றார். எண்ணினோம். சரியாக இருந்தது. நாவல் ஒன்றும் இல்லை.

நான் பேசிய ஞாயிற்றின் தாளைத் தேடி எடுத்தேன். பென்சில் எழுத்து. ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு குறி. 'தங்கை, ஜெராம். சரி. மாத்திரையை எடுத்தது தான் என்றார். சரி. அழுததைச் சொன்னார். சரி. ரம்புத்தான். தேவையில்லை.' கடைசி வரிக்குக் கீழே கோடு போட்டிருந்தார்:

'அன்று நல்ல மழை. சொல்லவில்லை.'

கடையில் ஆள் இல்லாத நேரம் அது. வெகுநேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆமாம். கடையிலிருந்து ஜெராம் போய்ச் சேரும்வரை கண்ணாடியில் அடித்து ஊற்றியது. தங்கையைத் தூக்கிக்கொண்டு காருக்கு ஓடியபோது மூவரும் நனைந்தோம். மறுபடியும் மழையைக் கொண்டுவந்தால் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று சபையில் நான் அதை எடுத்துவிட்டேன். இதோ, மேலே உங்களுக்கு எழுதியபோதும் குடையை எழுதினேன், பிளாஸ்டிக் பையை எழுதினேன், மழையை மட்டும் எழுதவில்லை.

அக்கா, அன்று மழை பெய்தது. அப்போது யார் கூட இருந்தார் என்று கேட்டால், நீங்கள்தான் இருந்தீர்கள்.